சொல் ஏறி இறங்கும் நேரம்

பிள்ளைத்தமிழ் பாடிய பழம்புலவர் எவரும் அம்புலியை அழைக்காமல் விட்டதில்லை. எங்கள் பிள்ளையோடு ஆட வா என்பார்கள். நீயும் அவளும் ஒப்பு என்று புகழ்வார்கள். ஒப்பேது, அவள் காலடித் தூசுக்கு நீ ஈடில்லை என்று இகழ்வார்கள். வந்தால் இன்னது கிட்டும் என்று ஆசை காட்டி, வராவிட்டால் நேரப்போவதைச் சொல்லி அச்சுறுத்தவும் செய்வார்கள். நிலவு ஒருநாளும் இறங்கி வந்ததில்லை. ஆனால், பெற்றவளே அந்நிலவில் போய் அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பாடுவதற்கு அவர்களில் எவருக்கும் நேரவில்லை.

உடன்குடியில் வண்டார்குழலி என்னும் நான்கு வயதுச் சிறுமி அத்தகைய பிள்ளை. அவளுடைய தாய் உலகம்மை, நிலவின் தென்முனையில் மண்ணுக்கடியில் உறைந்து கிடக்கும் நீரைத் துளையிட்டு எடுக்கும் நிலையத்தில் பொறியாளர். பணிக்காலம் ஒன்றரை ஆண்டு. சித்திரையில் புறப்பட்டபோது அவள் கணவன் மெய்கண்டனிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, உறங்கவைப்பது எல்லாம் அவன் பொறுப்பு. பிள்ளைக்கு எழுத்தறிவிப்பது மட்டும் தன் உரிமை. விசயதசமியன்று பரப்பிய அரிசியில் முதல் எழுத்தைத் தானே சொல்லிக்கொடுத்து எழுதவைக்க வேண்டும். மெய்கண்டன் வாக்குக் கொடுத்தான். உப்பளத்தில் உப்பின் தரம் பார்க்கும் வேலை அவனுடையது. காலையில் விளக்கேற்றி ஒரு பதிகம் பாடாமல் நீர்கூட அருந்தாதவன். கொடுத்த வாக்கை விளையாட்டாக எண்ணுபவன் அல்லன்.

இடையூறு தொலைவிலிருந்து வந்தது. இங்கிருந்து ஒரு சொல் நிலவுக்கு ஏறி, அங்கிருந்து மறுசொல் இறங்கி வர, நடுவில் வாங்கி அனுப்பும் இடைநிலையங்களையும் கடந்து, நான்கைந்து நொடி ஆனது. வளர்ந்தவர்க்கு அது ஒரு மூச்சு விட்டு வாங்கும் நேரம். நான்கு வயதுக்கு அது ஓர் ஊழி. குழலி ஒரு கேள்வி கேட்பாள். விடை வருமுன் அடுத்ததைக் கேட்பாள். அதற்குள் முதல் விடை வந்து இரண்டாம் கேள்வியின்மேல் விழும். பூனைக்கு எத்தனை கால் என்று கேட்டவளுக்கு நீலம் என்று பதில் கிடைக்கும். குழலி எழுந்து போய்விடுவாள். அந்தி தோறும் ஒரு மணி நேரம் என்று வகுத்த பாடம், ஆனி பிறக்குமுன் கால்மணி நேரமாகக் குறுகியது.

ஒருநாள் குழலி உறங்கியபின் உலகம்மை கணவனை அழைத்தாள்.

"அத்தான், பிள்ள எந்திரிச்சுப் போனது தெரியாம வெறும் பாயப் பாத்துப் பேசிட்டு இருக்கேன். ஆபீஸ்ல புதுசா ஒரு திரைப் பலகை குடுக்காங்களாம். இடையில காத்திருக்கவே வேண்டாமாம். எனக்காக அத வாங்குங்க."

நிலையத்தை நடத்திய நிறுவனம், ஊழியர் குடும்பங்களுக்கென்று தூத்துக்குடியில் ஓர் அலுவலகம் வைத்திருந்தது. வீட்டில் சிறு பிள்ளை இருந்தால், வீட்டிலேயே கற்பதற்கு உதவும் கருவி ஒன்றை அங்கே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மெய்கண்டன் தன் மைத்துனன் சிதம்பரநாதனையும் அழைத்துக்கொண்டு போனான். உலகம்மையின் அண்ணனாகிய சிதம்பரநாதன், உடன்குடிப் பேருந்து நிலையத்தருகே மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். எந்தப் பொருளையும் பிரித்துப் பார்க்காமல் நம்பக்கூடாது என்பது அவன் கொள்கை.

அலுவலகத்தில் செவ்வந்தி என்னும் இளம்பெண் மூன்று கருவிகளை மேசைமேல் வைத்தாள். முதலாவது தானே ஆசிரியர். படம் காட்டும், பாடும், கேள்வி கேட்கும், பாராட்டும். அதற்குத் தாய் தேவையில்லை என்று அவள் சொன்னதும், மெய்கண்டன் அதை மரியாதையாக ஒதுக்கி வைத்தான். இரண்டாவது வெறும் பலகை. தாயின் முகத்தையும் குரலையும் உள்ளபடியே கொண்டுவரும். அவை வந்துசேர எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் ஆகும். மூன்றாவதும் பார்வைக்கு இரண்டாவதைப் போலவே இருந்தது.

"இதுல இடைநிரப்பின்னு ஒண்ணு இருக்கு சார்," என்றாள் செவ்வந்தி. "அம்மா பேசுற விதத்தைப் படிச்சுக்கும். பாப்பா கேட்டதும் அம்மா என்ன சொல்வாங்கன்னு ஊகிச்சு, அவங்க முகத்துலயே, அவங்க குரல்லயே பேச ஆரம்பிச்சிரும். அதுக்குள்ள நிஜப் பேச்சு வந்துரும். ரெண்டையும் ஒட்டுத் தெரியாம சேத்துரும்."

"ஊகிச்சது தப்பா இருந்தா?"

"அம்மா சொல்றதுதான் கடைசி. ஆனா பாப்பாவுக்குத் தெரியாத மாதிரி மெல்ல வளைச்சுக் கொண்டுபோயிரும்."

மெய்கண்டன் அந்தப் பலகையைக் குனிந்து பார்த்தான். பிறகு, "அப்படின்னா மொதல்ல பேசினது யாரு?" என்று கேட்டான்.

செவ்வந்தி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "அத இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சார்."

சிதம்பரநாதன் பலகையைத் திருப்பித் திருகாணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்க வீட்டுக்கு இது வேண்டாம் மாப்ள. நான் வாயத் தொறக்கு முன்னாலயே ஒங்க அக்கா பதில் சொல்லிருதா," என்றான்.

செவ்வந்தி சிரித்துவிட்டாள். மெய்கண்டனும் சிரித்தான். வெறும் பாயைப் பார்த்துப் பேசும் ஒருத்தியின் முகம் அவன் கண்ணில் நின்றது. மூன்றாவதை எடுத்துக்கொண்டான்.

இடைநிரப்பி கற்பதற்குத் தாயின் பேச்சுப் பதிவுகள் வேண்டியிருந்தன. நிலவிலிருந்து பேசியவற்றையும் தவறாமல் சேர்க்கும்படி செவ்வந்தி சொல்லியிருந்தாள். மெய்கண்டன் பதிவுகளைக் கேட்கத் தொடங்கினான். நிலவிலிருந்து வந்தவற்றில் தயக்கம் இருந்தது, சொல் தடுமாறியது, சில இடங்களில் அழுகையை விழுங்கும் ஓசையும் கேட்டது. வீட்டில் எடுத்த பழைய பதிவுகளிலோ அவள் அடுக்களையில் நின்று பேசினாள், பாடினாள், அதட்டினாள். குளியலறையிலிருந்து குழலி "யம்மா" என்று கூவும்போதெல்லாம், கூவல் முடியுமுன்னே, "இந்தா வந்துட்டேன்" என்றாள். பூசைக்குப் பூப் பறிப்பவன் வாடியதை விலக்கி மலர்ந்ததை மட்டும் கூடையில் இடுவதுபோல, மெய்கண்டன் வீட்டுப் பேச்சுகளை மட்டும் தேர்ந்து பலகைக்குக் கொடுத்தான். மனைவியின் நல்ல குரலைத் தன் பிள்ளைக்கு மீட்டுத் தருவதாக அவன் எண்ணினான்.

பலகை வீட்டுக்கு வந்த நாள்முதல் அந்திப் பாடம் தழைத்தது. கேட்ட கணமே பதில் வந்தது. குழலி பாயைவிட்டு எழவில்லை. பத்துக்குமேல் எண்ணினாள், எதுகையாகச் சொல் அடுக்கினாள், பூனைக்கு நான்கு கால் என்று தாயும் மகளும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள். கைதட்டிச் சிரிக்கும் மகளைக் காணும் உலகம்மைக்கும் உடல் தேறியது. தனக்கு முந்திக்கொண்டு தன் வாயால் வேறொன்று பேசுவதை அவள் அறிவாள். பிள்ளை சிரித்தபடியால் பொறுத்துக்கொண்டாள்.

குழலி ஒரு புதிய விளையாட்டையும் தொடங்கியிருந்தாள். பாடம் முடிந்ததும் பலகையின் பின்புறத்தை எட்டிப் பார்ப்பாள். அலமாரிக் கதவைத் திறந்து புடவைகளை விலக்குவாள். கட்டிலுக்கடியில் குனிந்து, சிறிதுநேரம் அப்படியே இருப்பாள். கண்ணாமூச்சி ஆடத் துணைதேடுகிறாள் என்று கருதிய மெய்கண்டன் தானும் ஒருநாள் கதவின்பின் ஒளிந்து நின்றான். அவனைக் கண்டுபிடித்தபோது குழலி சிரிக்கவில்லை. "நீயா," என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

விசயதசமி வந்தது. மெய்கண்டன் விடியலில் நீராடி, கூடத்தில் கோலமிட்டு, தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, மஞ்சள் தூவி, அதற்கெதிரே பலகையைச் சாய்த்து வைத்தான். தாய்மாமன் மடியில் பிள்ளையை இருத்தி ஏடு தொடங்குவது அவர்கள் வழக்கம். சிதம்பரநாதன் புதுவேட்டி கட்டிச் சம்மணமிட்டு அமர்ந்தான். நகக்கண்ணில் கருத்திருந்த மோட்டார் எண்ணெயைப் போக்க அவன் புளியும் சாம்பலுமாகத் தேய்த்ததையும், அது போகாததையும் சொல்லி அவன் மனைவி எல்லாரையும் சிரிக்கவைத்தாள். பலகையில் உலகம்மையின் முகம் தோன்றியது. அவளும் தலைசீவிப் பொட்டிட்டிருந்தாள்.

மாமன் குழலியின் சுட்டுவிரலைப் பற்றினான். குழலி விரலை உருவிக்கொண்டாள்.

"மாமா பிடிக்காண்டாம். யம்மா, நீ வந்து பிடி."

நொடியும் தாழவில்லை. பலகையிலிருந்த முகம் மலர்ந்தது. "இந்தா வந்துட்டேன், தாயி."

குழலி மடியிலிருந்து இறங்கி நின்றாள். அடுக்களைப் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து வருவோர்க்கு வழிவிடுபவள்போல ஒதுங்கி, பாவாடையை ஒருகையால் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சொல் வந்தது, சொல்லுக்குப்பின் காலடி ஓசை வரவில்லை.

அவள் ஓடினாள். அலமாரி திறந்து மூடும் ஓசை கேட்டது, பிறகு படுக்கையறைக் கதவு, பிறகு பின்கட்டு. மெய்கண்டன் எழுந்து போனபோது, தாழிட்டிருந்த சாமான் அறையின்முன் அவள் நின்றுகொண்டிருந்தாள். கதவின் பலகையில் உள்ளங்கையை வைத்திருந்தாள்.

"யம்மா, தொறயேன்," என்றாள். தட்டவில்லை, அதட்டவுமில்லை. "எல்லாரும் வந்தாச்சு."

கூடத்தில் பலகை கனிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது.

"அம்மா அங்க இல்ல, கண்ணு," என்றான் மெய்கண்டன். "அம்மா நிலாவுல இருக்காள்ல?"

குழலி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நிலாவுல இருந்தா எப்படி ஒடனே பேசுவா? பக்கத்துல இருக்கவுகதான் ஒடனே பேசுவாவ. முன்னால தூரமா இருந்தா, மெதுவாப் பேசுனா. இப்ப வீட்டுக்கு வந்துட்டா." அவள் குரல் தாழ்ந்தது. "வாரேன் வாரேங்கா, வர மாட்டேங்கா. நான் என்ன செஞ்சேன்பா?"

மெய்கண்டன் தாழை நீக்கிக் கதவைத் திறந்தான். உள்ளே அரிசி மூட்டையும், உரலும், பழைய மின்விசிறி ஒன்றும் இருந்தன. குழலி மூட்டைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு நிலைப்படியில் அமர்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

தாயின் தொலைவை அறிய அந்தப் பிள்ளைக்கு நிலப்படம் இல்லை, எண்களும் இல்லை. சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் நடுவே இருந்த வெற்றிடம் ஒன்றே அளவுகோலாக இருந்தது. அதை அன்பினாலேயே அவன் நிரப்பிவிட்டான். அதன்பின் தாயின் பிரிவு பிரிவாக இல்லாமல் மறுப்பாகிவிட்டது. இத்தனை மாதங்களாக அந்தச் சிறுமி தன்னிடம் குற்றம் தேடிக்கொண்டிருந்தாள்.

அவன் கூடத்துக்கு வந்தான். சிதம்பரநாதனும் மனைவியும் தாம்பாளத்தருகே நின்றார்கள். பலகையில் உலகம்மை புன்னகைத்துக்கொண்டிருந்தாள். மெய்கண்டன் கையை நீட்டி இடைநிரப்பியை அணைத்தான். புன்னகை அறுந்தது. அவ்விடத்தில் அழுது வீங்கிய ஒரு முகம் தோன்றியது. வாயைக் கையால் பொத்தியிருந்தாள்.

"நான் அதச் சொல்லல அத்தான்," என்றாள் உலகம்மை. அவள் நெடுநேரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும்; அழுகையில் உடைந்த அச்சொற்களை இடைநிரப்பி அவள் பேச்சென்று அறியவில்லை. "வந்து பிடின்னு அவ கேட்டதும் எனக்கு வாயடைச்சுப்போச்சு. நான் பேசவே இல்ல. பேசாம இருந்ததுக்கு மேல அது பேசிட்டு."

"தப்பு என்னோடது," என்றான் மெய்கண்டன். "நீ தயங்கினது, தடுமாறினது எல்லாத்தையும் நாந்தான் பொறுக்கி எறிஞ்சிட்டு மிச்சத்த அதுகிட்ட குடுத்தேன். அதுக்குத் தயங்கத் தெரியாது."

அவன் சொல் ஏறிப்போயிற்று. ஒருவரும் அசையவில்லை. பிறகு அவள் தலையசைப்பது தெரிந்தது.

"அவகிட்ட நான் பேசணும். நானே."

"இப்ப வேண்டாம்மா," என்று சிதம்பரநாதன் குறுக்கிட்டான். "பிள்ள கொஞ்சம் ஆறட்டும். அரிசி இங்கதான் இருக்கு. நாளும் முடிஞ்சு போகல." பலகையைக் கையிலெடுத்து முன்னும் பின்னும் பார்த்தான். "மாப்ள, இதுக்குள்ள இருக்கிற அந்தப் பொய்வாயக் கழத்தி எறிஞ்சிரட்டுமா? ஸ்க்ரூ நாலுதான்."

மெய்கண்டன் கழற்றச் சொன்னான்.

பகல் முழுவதும் குழலி அந்த நிலைப்படியை விட்டு நகரவில்லை. சோற்றை அங்கேயே கொண்டுவந்து ஊட்டிவிட்டு மெய்கண்டன் அருகில் அமர்ந்தான். அவள் கதை சொல்லச் சொன்னாள். திருமறைக்காட்டில் அடைத்துக் கிடந்த கோயில் கதவின் முன் நின்று பாடிய அடியவரின் கதை அவன் நாவில் வந்தது. நாள்தோறும் பதிகம் பாடுபவனாயினும், அக்கதையை அவன் அன்றுதான் தனக்குள் கேட்டான். முதற்பாட்டுக்குக் கதவு திறக்கவில்லை. இரண்டாவதற்கும் இல்லை. திறவாத கதவின்முன் நின்று, என் குரல் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்பி அடுத்த பாட்டைத் தொடங்கினாரே, அந்த இடைவெளியில் அன்றோ பக்தி இருந்தது! பாடியவுடன் திறந்திருந்தால் அது தாழ்ப்பாளின் வேலையாகப் போயிருக்கும்.

"அப்ப உள்ள சாமி இருந்துச்சா?" என்று குழலி கேட்டாள்.

"இருந்துச்சு."

"நெசமா?"

"நெசமா. பாட்டுப் போய்ச் சேர நேரமாச்சு."

அந்தியில் மழைமேகம் ஏதுமில்லை. தசமி நிலவு உச்சிக்குச் சற்றுக் கிழக்கே வெளுத்து நின்றது. மெய்கண்டன் தாம்பாளத்தையும் பலகையையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோனான். சிதம்பரநாதன் கறை போகாத நகங்களோடு மீண்டும் சம்மணமிட்டான். குழலி அவன் மடியில் அமர்ந்தாள். மெய்கண்டன் அவளுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தான். சொல்லை நெஞ்சிலிருந்து உள்ளங்கையில் எடுக்க வேண்டும். கையை மெல்லத் தலைக்குமேல் உயர்த்தி நிலவை நோக்கி விட வேண்டும். வெறுங்கையை அதேபோல் மெல்ல இறக்கிக் காதருகே வைக்க வேண்டும். அப்போதுதான் அம்மாவின் சொல் வந்து சேரும்; அதற்குமுன் வருவது அம்மாவின் சொல்லன்று.

குழலி நம்பிக்கையில்லாமல் கையை நெஞ்சில் வைத்தாள். "யம்மா, நீ எங்க இருக்க?" கை ஏறியது. விரல்கள் விரிந்தன. கை இறங்கியது. காதருகே வந்தபோது பலகை பேசியது.

"அந்தா மேல தெரியுதுல்ல, அங்க இருக்கேன் தாயி. வீட்டுல இல்ல. உன்ட்ட இருந்து ஒளியல. காலைல வாரேன்னு சொன்னது நான் இல்ல."

குழலி நிலவையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தாள். கை மறுபடி ஏறியது. "அப்ப அது யாரு?"

"நான் பேசுறத மனப்பாடம் பண்ணி வச்சிருந்த ஒண்ணு."

இம்முறை குழலி கையைத் தூக்குமுன் வெகுநேரம் யோசித்தாள். "அதுக்கு அம்மா இல்லயா?"

கை ஏறி இறங்கிக் காதில் வந்து நின்றது. விடை வரவில்லை. இன்னும் சிறிது நேரம் நின்றது. குழலி கையை எடுக்கவில்லை. முடிவில் உலகம்மையின் குரல், அழுகையா சிரிப்பா என்று பிரிக்க இயலாதபடி வந்தது. "இல்லட்டி. பாவம், அதுக்கு யாரும் இல்ல."

பிறகு எழுதினார்கள். உலகம்மை ஒவ்வோர் இழுப்பாகச் சொன்னாள். ஒவ்வொன்றும் நிலவிலிருந்து இறங்கி வந்தது. "சின்னதா ஒரு சுழி," என்றாள். மாமன் பிடித்த விரல் அரிசியில் சுழித்து, அப்படியே நின்றது. அவர்கள் செய்துவிட்டார்கள் என்பது மேலே போய்ச் சேரவும், அடுத்த சொல் கீழே வரவும் எல்லாரும் மூச்சடக்கியிருந்தார்கள். "வளைச்சுக் கீழ கொண்டா." விரல் வளைந்து, நின்றது. தென்னைகளின் நடுவே காற்று வந்து மஞ்சள்தூளைச் சிறிது கலைத்தது. "இப்ப நேரா ஒரு கோடு." அகரம் முடிந்தபோது கிழக்கே முழுதும் இருட்டியிருந்தது. ஓர் எழுத்துக்கு அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட பிள்ளை அந்த ஊரில் வேறு இருந்திருக்க முடியாது. எழுதி முடித்தும் குழலி விரலை எடுக்கவில்லை. பார்த்தேன் என்று அம்மா சொல்லும்வரை அங்கேயே வைத்திருந்தாள்.

அன்றுமுதல் அந்திப்பாடம் மெல்ல நடந்தது, ஆயினும் நடந்தது. கை ஏறி இறங்கும் நேரத்தில் குழலி தன் கேள்வியைத் தானே நினைத்துப் பார்க்கக் கற்றாள். சில வேளைகளில் விடை வருமுன் விடையைக் கண்டுபிடித்து, அம்மா அதையே சொல்கிறாளா என்று கள்ளச்சிரிப்போடு காத்திருந்தாள்.

உடைந்தது எல்லாம் கூடிவிடவில்லை. உடனே பதில் சொல்வோரைக் குழலி நம்ப மறுத்தாள். பால் வேண்டுமா என்றதற்கு வேண்டும் என்பாள், இதோ தருகிறேன் என்று மெய்கண்டன் சொன்னால், "நெசமாத்தான் சொல்லுதியா?" என்று கேட்பாள். அவனும் மைத்துனனும் அவளிடம் பேசுமுன் ஒரு மூச்சு நிறுத்திப் பேசப் பழகிக்கொண்டார்கள். வாயைத் திறந்தால் மூடாத சிதம்பரநாதன் நடுவில் நிறுத்திப் பேசுவதைக் கண்ட கடைக்காரர்கள் அவனுக்கு நெஞ்சுவலியோ என்று அஞ்சினார்கள். மெய்கண்டன் தூத்துக்குடிக்குப் போய்ச் செவ்வந்தியிடம் நடந்ததைச் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாவது பலகையை மேசையிலிருந்து எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். அடுத்து வருவோரிடம் இரண்டை மட்டுமே காட்டப்போவதாகச் சொன்னாள். மேலிடத்தில் அதற்கு என்ன சொன்னார்களோ, அவன் அறியான்.

அடுத்த ஐப்பசியில் உலகம்மை திரும்பி வந்தாள்.

வாசலில் குழலி அவளைத் தொட்டுப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள், மடியை விட்டு இறங்கவில்லை. ஆனால் பேச்சில் மட்டும் ஓர் எச்சரிக்கை இருந்தது. "யம்மா" என்று அழைத்துவிட்டு, கையைத் தூக்காவிட்டாலும், கண்ணால் மேலே போய்க் கீழே வருவாள். மெய்கண்டன் எல்லாவற்றையும் முன்பே சொல்லியிருந்தபடியால், உலகம்மையும் ஒவ்வொரு விடைக்கும் முன் அந்த நேரத்தை விட்டாள். சுற்றத்தார் பார்த்து வியந்தார்கள். ஒரே பாயில் தோளோடு தோள் உரச அமர்ந்திருந்த தாயும் மகளும், நடுவே நான்கு லட்சம் கிலோமீட்டர் கிடப்பதுபோல் பேசிக்கொண்டார்கள்.

"எத்தன நாளைக்கு இப்படி அத்தான்?" என்று உலகம்மை கேட்டாள். "பக்கத்துல இருந்துக்கிட்டே தூரத்துல இருக்க மாதிரி நடிக்கேன்."

அவசரப்பட்டுத்தான் ஒருமுறை கெடுத்தோம் என்று மெய்கண்டன் சொன்னான்.

மழை பெய்த ஒரு காலை. மெய்கண்டன் விளக்கின்முன் பதிகத்தின் நடுவில் இருந்தான். உலகம்மை அடுக்களையில் தோசைக்கல்லின்முன் நின்றாள். குளியலறையில் குழலிக்குக் கண்ணில் சோப்பு விழுந்தது.

"யம்மா!"

"இந்தா வந்துட்டேன்!"

கூவல் முடியுமுன் சொல் புறப்பட்டுவிட்டது. சொன்னபின்தான் உலகம்மைக்கு உறைத்தது. அதே சொல், அதே விரைவு. தோசைத்திருப்பியைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. கூடத்தில் பதிகமும் நின்றது. குளியலறையில் நீர் விழும் ஓசை அடங்கியது. வீட்டில் மூவரும் மூன்று இடங்களில் அசையாமல் இருந்தார்கள்.

குழலி கண்களை இறுக மூடியபடி, நனைந்த தலையை ஒருபுறம் சாய்த்து நின்றிருந்தாள். சோப்பு எரிந்தது. அவள் முகத்தை மேலே தூக்கவில்லை. கதவுக்கு வெளியே செவி கொடுத்துக் காத்திருந்தாள்.

உலகம்மை ஓடினாள். ஈரத்தரையில் மாவு படிந்த பாதங்கள் தப்தப்பென்று விழுந்தன; அடுக்களையைக் கடந்தன; பின்கட்டைக் கடந்தன; சாமான் அறையைக் கடந்து, நெருங்கி வந்தன.

குழலி இரு கைகளையும் முன்னால் நீட்டினாள். அடுக்களையில் தோசை தீயும் மணம் எழுந்தது. மெய்கண்டன் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பாடினான்.